ஐந்து பேருக்கு உளுத்தங்களி

வால்தம்ஸ்டோவில் ஒருத்தி ஒற்றை அகப்பையால் ஐந்து மலைகளைப் பெயர்த்தாள். இதில் மலை என்பது மிகை, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அகப்பையும் ஒன்றல்ல, இரண்டு. முதலாவது ஜனவரியில் முறிந்துபோனது. மற்றதெல்லாம் உண்மை, அல்லது உண்மைக்கு அடுத்த வீடு.

அவள் பெயர் வசந்தமலர். எண்பத்துநாலில் கணவன் கனகலிங்கத்தோடும் ஒரே மகன் பாலேந்திராவோடும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தவள். கிழமை நாட்களில் ஒரு தையல் பட்டறையில் திரைச்சீலைகளுக்கு ஓரம் அடிப்பாள். பயப்படுவது அவளுடைய இரண்டாவது வேலை. அதற்கு லீவே கிடையாது. பஸ் பிந்தினாலும் பயம், முந்தினாலும் பயம். ரெலிபோன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் இன்னும் பயம். ஆமிக்காரரின் சுற்றிவளைப்புகளுக்கு நடுவால் பிள்ளையை ஒரு கீறலும் இல்லாமல் கொண்டுவந்துவிட்டேன் என்று அவள் ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் பிள்ளை போய் அமெரிக்கன் புட்போல் அணியில் சேர்ந்துவிட்டான்.

ஊரில் கிரிக்கெட் விளையாடிய காலத்தில் எல்லைக் கோட்டிலிருந்து எறிந்து விக்கெட்டைச் சாய்க்கிற கை அவனுடையது. அந்தக் கையைக் கண்டுதான் 'பைசன்ஸ்' அணி அவனைச் சம்பளத்துக்கு எடுத்தது. குவாட்டர்பேக் என்று அவன் நிற்கும் இடத்துக்குப் பெயர். பந்தை எறிகிறவன் அவன்தான், ஆகவே எல்லோரும் விழுத்த நினைக்கிறவனும் அவன்தான்.

வசந்தமலருக்கு அந்த விளையாட்டில் விளங்கியது ஒன்றே ஒன்று. ஐந்து தடியர்கள் தோளோடு தோள் ஒட்டிக் குனிந்து நிற்பார்கள். பின்னால் பாலேந்திரா நின்று குரல் கொடுப்பான். அந்தக் குரலுக்கு நடுவில் நிற்பவன் பந்தைப் பின்பக்கமாகக் கொடுக்க, எதிரணித் தடியர்கள் பாய்ந்து வருவார்கள். அவன் பந்தை எறிந்து முடிக்கும்வரை, மூன்று நான்கு வினாடி, இந்த ஐவரும் அவர்களை மறித்து நிற்க வேண்டும். ஐவரும் ஒரே கணத்தில் எழும்ப வேண்டும். ஒருவன் கண்ணிமைக்கும் நேரம் பிந்தினாலும் அந்த வேலியில் ஒரு பொட்டு, ஓர் ஓட்டை, விழுந்துவிடும். அதற்குள்ளால் நாய் பூருவதுபோல் ஒருவன் பூர்ந்துவிடுவான்.

எண்பத்தெட்டாம் ஆண்டு கோடை முழுவதும் அந்த வேலி பொட்டாகவே கிடந்தது. ஆட்டம் நடக்கும்போது வசந்தமலர் கண்ணை மூடிக்கொண்டு இருப்பாள். சனம் "ஓ" என்றால் திறப்பாள். மகன் நிலத்தில் கிடந்தால் முந்தானையில் ஒரு முடிச்சுப் போடுவாள். ஓகஸ்ட் மாதக் கடைசி ஆட்டத்தில் ஏழு முடிச்சு. ஏழாவது தரம் அவன் எழும்பவில்லை. இடப்பக்கத்தால், அவன் காணாத பக்கத்தால், ஒருவன் வந்து மோதியதில் வலத்தோள் நிலத்தில் குத்த விழுந்தான். காறை எலும்பு இரண்டாய்ப் போனது.

ஆசுபத்திரியில் டொக்டர் நரசிம்மன், கும்பகோணத்துக்காரர், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பயப்படாதீங்கம்மா, ஒட்டிடும். ஆனா மறுபடியும் இதே தோள்ல இதே மாதிரி விழுந்தான்னா, அப்புறம் கை காதுக்கு மேல போகும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"கேட்டியோ தம்பி? டொக்டர் என்ன சொல்லுறார் எண்டு கேட்டியோ?"

"கேட்டது அம்மா. ஏப்ரலிலைதானே அடுத்த சீசன். அதுக்கிடையிலை ஒட்டிவிடும்."

அழுது பார்த்தாள். மூன்று நாள் மகனோடு கதைக்காமல் இருந்து பார்த்தாள். சாப்பிடாமலும் இருந்து பார்த்தாள். அதில் கனகலிங்கம்தான் மெலிந்தார். நாலாம் நாள், மூன்று வீடு தள்ளியிருக்கும் பியற்றிஸ் ரீச்சரிடம் போனாள். ஊரில் இங்கிலிஷ் படிப்பித்தவர். வால்தம்ஸ்டோவிலும் யாருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் அவர் வாயால்தான் வாசிக்கப்படும்.

"அக்கா, உவனை நிப்பாட்ட ஏலாது. உவனுக்கு முன்னாலை நிக்கிறவங்களைத்தான் ஏதும் செய்யவேணும்."

"ஏன், அவங்களுக்கும் நேர்த்தி வைக்கப்போறியோ?"

"அது வைச்சாச்சு. விம்பிள்டன் பிள்ளையாருக்கு ஆளுக்கொரு தேங்காய்."

"பிறகென்னடி? பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார்."

"பிள்ளையாருக்கு இந்த விளையாட்டு விளங்குமோ தெரியேல்லையே அக்கா."

பயிற்சியாளர் ஓர் அமெரிக்கர். விமானத்தளத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று இங்கேயே தங்கிவிட்டவர். முன்வரிசை ஐவருக்கும் அவர் அனுப்பியிருந்த தாளைப் பாலேந்திரா கொண்டுவந்தான். பியற்றிஸ் ரீச்சர் வாசித்தார். மார்ச் கடைசிக்குள் ஒவ்வொருவரும் ஒரு ஸ்டோன் எடை, ஆறு கிலோவுக்குச் சற்று மேல், கூட்டியாக வேண்டும். இடுப்பும் தொடையும் உரம் ஏற வேண்டும். தாளின் மறுபக்கத்தில் ஓட்டத்தைப் பற்றியும் மூச்சைப் பற்றியும் ஏதோ இருந்தது. ரீச்சர் தாளைத் திருப்புவதற்குள் வசந்தமலர் எழும்பிவிட்டாள். இடுப்பு என்ற சொல் போதுமாயிருந்தது.

இடுப்பு உரம் ஏற அவள் அறிந்த வழி ஒன்றுதான். வயதுக்கு வந்து பெரியபிள்ளையான பெட்டைகளுக்கு யாழ்ப்பாணத்தில் கொடுப்பார்களே, அது. ஒரு பச்சை முட்டையை உடைத்து வாய்க்குள் விட வேண்டும்; அதே முட்டைக் கோதில் நல்லெண்ணெய் நிரப்பி ஒரே மிடறில் குடிக்க வேண்டும். பிறகு உளுத்தம்மாவும் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் போட்டுக் கிண்டிய களி, நடுவில் குழி தோண்டி அதிலும் நல்லெண்ணெய்.

பியற்றிஸ் ரீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடியே மலர், அஞ்சு பேருக்கும் தண்ணி வாத்து, சீலை உடுத்தி, ஆலாத்தியும் எடுப்பமோ?"

"இடுப்பு இடுப்புத்தானே அக்கா. ஆம்பிளைக்கு வேறை எலும்போ?"

ஒக்டோபர் தொடக்கம் ஒவ்வொரு சனிக்கிழமையும் பயிற்சி முடிந்து ஐவரும் நேராக அவள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். முதல் சனிக்கிழமையே இரண்டு கதிரைகள் கால் முறிந்தன. அடுத்த கிழமை சோபாவை நிறுத்தி வைத்துவிட்டு முன்னறையில் பாய் விரித்தாள். ஒடுங்கிய அறை, ஐவரும் தோள்கள் நெருக்குண்டு, ஜன்னலைப் பார்த்தபடி, ஒரே வரிசையில் காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்தார்கள். குசினி அவர்களுக்குப் பின்னால். அங்கிருந்து வந்து தோளுக்கு மேலால்தான் பரிமாற வேண்டியிருந்தது.

பந்தி என்றால் பந்திக்கு ஒழுங்கு இருக்கிறது. ஒருவன் இடையில் எழும்பினால் மற்றவனை அவமதித்ததாகும். எல்லோரும் முடித்தபின் ஒன்றாகவே எழும்ப வேண்டும். சாப்பிட்ட கை எச்சில் கை. அதைப் பாயில் ஊன்றவும் கூடாது, சுவரில் பிடிக்கவும் கூடாது. இதைப் பியற்றிஸ் ரீச்சர் இங்கிலிஷில் விளக்கியபோது ஐவரும் தலையாட்டினார்கள். எழும்பப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சப்பாணி கட்டிய காலோடு, கை ஊன்றாமல், வயிறு நிறையக் களியோடு, இருநூற்றைம்பது இறாத்தல், நூறு கிலோவுக்கும் மேலான, மனிதன் எழும்புவது விளையாட்டல்ல. முதல் ஆள் முந்திவிட்டான். அவன் தோள் இடித்து இரண்டாவது ஆள் சாய, அவன் மூன்றாவது ஆள்மேல் சாய, கடைசியில் ரிவி விழுந்தது.

இப்படியாக நவம்பரும் போயிற்று. வசந்தமலர் ஒவ்வொரு சனியும் அவர்களின் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்சம் தடித்ததுபோல் இருக்கும். அன்றைக்கு மட்டும் நித்திரை வரும்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை, ஐவரும் முட்டை குடித்து, களி தின்று, வீட்டுக்குப் போய் இரண்டு மணித்தியாலம் ஆகவில்லை. மாலைச் செய்தியில் சொன்னார்கள்: இந்த நாட்டுக் கோழி முட்டைகளில் கிருமியாம், பச்சையாகக் குடிக்கவே வேண்டாமாம். வசந்தமலரின் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை நிலத்தில் விழுந்தது.

"ஐயோ அக்கா, ஓடிவாங்கோ! நான் அஞ்சு பேரையும் கொண்டுபோட்டன்!"

பியற்றிஸ் ரீச்சர் வந்து ஒவ்வொரு வீட்டுக்காய் ரெலிபோன் எடுத்தார். முதல் நால்வரும் உயிரோடு இருந்தார்கள். ஒருவன் மீனும் சிப்ஸும் தின்றுகொண்டிருந்தான். ஐந்தாவது டெஸ்மண்ட். இடப்பக்கத்து மூலையில், பாலேந்திரா காணாத பக்கத்தைக் காக்கிறவன். அவன் வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை.

ஞாயிறு காலையும் எடுக்கவில்லை. வசந்தமலர் கோட்டை மாட்டிக்கொண்டு, ஒரு போத்தல் கொத்தமல்லித் தண்ணியோடு, லெய்ற்றனுக்குப் பஸ் ஏறினாள். பஸ் நின்ற ஒவ்வொரு தரிப்பிலும் டெஸ்மண்டுக்கு ஒரு வருத்தம் கூடியது. முதல் தரிப்பில் வயிற்றுப்போக்கு, மூன்றாவதில் காய்ச்சல், ஐந்தாவதில் அவள் அவன் தாயின் காலில் விழுந்துகொண்டிருந்தாள்.

கதவைத் திறந்தது அந்தத் தாய்தான். ஜமேக்காவிலிருந்து வந்தவர், தலையில் தொப்பி, கையில் வேதப்புத்தகம். தேவாலயத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். நேற்றும் அங்கே விருந்தாம். தாய்க்குப் பின்னால் டெஸ்மண்ட், சூட் போட்டுக்கொண்டு, கதவு நிலையை முழுதாக அடைத்தபடி நின்றான்.

"அன்ரி, என்ன நடந்தது? பாலனுக்கு ஏதாவதா?"

முட்டைக் கதையைக் கேட்டுத் தாயும் மகனும் சிரித்தார்கள். வசந்தமலருக்குச் சிரிப்பு வரவில்லை. தன்னைக் கண்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி காதில் தங்கிவிட்டது. தாய் தேத்தண்ணி எடுக்கப் போனபோது, தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் கேட்டாள், ஏன் அப்படிக் கேட்டாய் என்று.

டெஸ்மண்ட் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஓகஸ்டில் பாலனின் எலும்பு முறிந்த சத்தம் அவனுக்குக் கேட்டதாம். அன்று தொடக்கம், பயிற்சியில்கூட, குரல் வந்ததும் ஒரு தரம் பின்னால் திரும்பிப் பாலன் நிற்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் எழும்புகிறானாம். பார்க்காமல் எழும்ப முடியவில்லை. அதனால் பிந்துகிறான். பயிற்சியாளருக்கு அது தெரிந்துவிட்டது. மஞ்செஸ்டரிலிருந்து வேறொருவன் வரப்போகிறான்.

வசந்தமலர் அவன் கழுத்தைப் பார்த்தாள். இந்தப் பிள்ளையும் தன்னைப்போல்தான். பாலன் பள்ளிக்கூடம் போன காலத்தில், படலை மட்டும் வந்து, திரும்பித் திரும்பிப் பார்த்து, அடுப்பில் எத்தனை தரம் கறி கருகிப் போயிருக்கும்! பயந்தவனைப் பயப்படாதே என்று சொல்லிப் பயனில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஐம்பது வருஷமாக அவளுக்கு எல்லோரும் அதைத்தானே சொல்கிறார்கள். வீடு திரும்பிய பஸ்ஸில் அவள் யோசித்தது ஒன்றைத்தான்: இவனுடைய கழுத்தை எப்படி நேராக்குவது?

அடுத்த சனிக்கிழமை முட்டை இல்லை. களி இரட்டிப்பு. பரிமாறுவதற்கு அகப்பையை மகன் கையில் கொடுத்தாள்.

"தம்பி, நீ உவங்களுக்குப் பின்னாலை நில். எல்லாரும் சாப்பிட்டு முடிய, நீ கிறவுண்டிலை கத்துற மாதிரிக் கத்து. கத்தினவுடனை எழும்பவேணும். ஆரும் பிந்தினாலோ திரும்பிப் பாத்தாலோ, அஞ்சு பேருக்கும் இன்னும் ஒரு அகப்பை."

"அம்மா, உது சித்திரவதை."

"உன்ரை தோள் என்ரை சித்திரவதை. கத்தடா."

அவன் கத்தினான். நால்வர் எழும்பினார்கள். டெஸ்மண்ட் திரும்பிப் பார்த்தான். ஐந்து சாப்பாட்டுக் கோப்பையிலும் ஒவ்வோர் அகப்பை களி விழுந்தது. மறுபடி கத்தினான்; டெஸ்மண்ட் மறுபடி திரும்பினான். மூன்றாம் அகப்பையில் நடுவில் இருந்தவன் கடவுளைக் கூப்பிட்டான். அன்று கனகலிங்கம் தபால் பிரிக்கும் ஷிப்ட் முடிந்து வந்தபோது பானையில் சுரண்டவும் ஒன்றுமில்லை. "எனக்கும் ஏதேனும் இருக்கோ, இல்லாட்டி நானும் புட்போல் அடிக்கவேணுமோ?" என்று கேட்டுவிட்டுப் இரண்டு துண்டுப் பாணை எடுத்துக்கொண்டு போனார்.

ஜனவரியில் அகப்பை முறிந்தது. அந்த மாதம் முடியும் தறுவாயில் ஒரு சனிக்கிழமை டெஸ்மண்டின் கழுத்து பாதி திரும்பி, நின்று, மீண்டது. பின்னால் நின்ற பாலேந்திரா கத்துவதற்கு முன் மெல்ல, "இஞ்சைதான் நிக்கிறன்" என்றான், தமிழில். டெஸ்மண்டுக்கு என்ன விளங்கியதோ. அதற்குப் பிறகு அவன் ஒவ்வொரு தரமும் அந்த இரண்டு சொல்லுக்காகக் காதைக் கொடுத்தான், கழுத்தைக் கொடுக்கவில்லை. பெப்ரவரி முடிவதற்குள் ஐந்து பேரும் கை ஊன்றாமல், ஒரே மூச்சில், ஒரு கதவு திறப்பதுபோல் எழும்பினார்கள். நிலம் அதிர்ந்து பக்கத்து வீட்டுக் கிழவர் சுவரில் தட்டினார்.

மார்ச் கடைசிச் சனிக்கிழமை எடை பார்க்கும் நாள். அதற்கு முதல்நாள்தான் பியற்றிஸ் ரீச்சர் அந்தத் தாளின் மறுபக்கத்தை வாசித்தார். எடை ஒரு ஸ்டோனுக்கு மேல் ஏறவே கூடாது. ஏறினால் ஓட்டத்தில் மூச்சு வாங்கும். அப்படியானவன் வீட்டுக்குப் போகலாம்.

"எவ்வளவு ஏறியிருப்பாங்கள் அக்கா?"

"நீ போட்ட களிக்கு, குறைஞ்சது ரெண்டு."

வசந்தமலர் சனிக்கிழமை காலை தொடக்கம் ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தாள். டெஸ்மண்டை அனுப்பிவிடுவார்கள். மஞ்செஸ்டர்க்காரன் வருவான், அவனுக்குப் பாலனைத் தெரியாது, 'இஞ்சைதான்' என்றால் என்னவென்று தெரியாது. ஏப்ரலில் வேலி பொட்டாகும். அந்தப் பொட்டைத் தன் கையாலேயே, பனங்கட்டி போட்டு, அவள் வெட்டி வைத்திருக்கிறாள். ரெலிபோன் அடிக்கவில்லை. இரண்டு மணிக்குப் பாலேந்திரா கதவைத் திறந்துகொண்டு வந்தான்.

"சொல்லு. நேரை சொல்லு."

"எல்லாருக்கும் ரெண்டு ஸ்டோன் அம்மா. கோச் தராசைக் காலாலை உதைஞ்சார். ஓட்டத்திலை எல்லாரும் நாய் மாதிரி இளைச்சாங்கள்."

அவள் படிக்கட்டில் இருந்துவிட்டாள்.

"பிறகு வரிசையிலை நிக்கவைச்சார். நான் கத்தினன். அஞ்சு பேரும் ஒண்டாய் எழும்பினாங்கள். திரும்ப நிக்கச் சொன்னார். திரும்ப எழும்பினாங்கள். ஆறு தரம். பிறகு அந்த மஞ்செஸ்டர் ஆளைப் பாத்து, நீ வெளியிலை போய் வாங்கிலை இரு எண்டார். ஆனா ஒரு கட்டளை."

"என்ன?"

"இனி உங்கடை களி அரை அகப்பைதானாம்."

ஏப்ரலில் முதல் ஆட்டம். வசந்தமலர் சென்ற கோடையில் முடிச்சுப் போட்ட அதே நூல் சேலையோடு, மேலே கோட்டோடு, மரப்படியில் பியற்றிஸ் ரீச்சருக்குப் பக்கத்தில் இருந்தாள். கண்ணை மூடினாள். மகனின் குரல் கேட்டது. சனம் "ஓ" என்றது. திறந்தாள். மகன் நின்றுகொண்டிருந்தான்; பந்து தூரத்தில் யாரோ கையில் இருந்தது. இரண்டாம் தரம் அவள் கண்ணை மூட மறந்துபோனாள். எதிரணியில் வண்டில் மாடுபோல ஒருவன், சென்ற ஓகஸ்டில் வந்தவனைவிடப் பெரியவன், இடப்பக்கத்தால் புறப்பட்டான். டெஸ்மண்டின் கழுத்து அசையவில்லை. அவன் எழும்பினான், கை ஊன்றாமல், பாயிலிருந்து எழும்புவதுபோல. மோதிய சத்தம் படிவரை கேட்டது. வண்டில் மாடு பின்பக்கமாகக் குந்திவிட்டது.

ஆட்டம் முடிந்து பார்த்தபோது முந்தானை கசங்கியிருந்தது. முடிச்சு ஒன்றும் இல்லை. அன்று மட்டுமா? அந்தச் சீசன் முழுவதும் பாலேந்திராவின்மேல் எதிரணிக்காரன் ஒருவனின் சுண்டுவிரலும் படவில்லை. முதுகில் புல் ஒட்டாமல் ஒரு குவாட்டர்பேக் வீடு திரும்பிய வரலாறு கிழக்கு லண்டனில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஏழு வருஷம் கழித்து, வசந்தமலர் வீட்டு முன்னறையில் தமிழில் சொல்லப்பட்ட இந்தக் கதை இந்த இடத்துக்கு வந்தபோது, பாயில் இருந்து பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த டெஸ்மண்டுக்குப் பாலேந்திரா அதை இங்கிலிஷில் சொன்னான். டெஸ்மண்ட் எச்சில் கையைத் தூக்கிக் கதையை நிறுத்தினான்.

"பதினொரு தரம் விழுந்தான்" என்றான். "பத்து மற்றவர்களின் பக்கத்தால். ஒன்று என் பக்கத்தால், ஜூலையில், அதே தோளில். அன்றைக்கு அன்ரிக்குப் பட்டறையில் மேலதிக வேலை, ஆட்டம் பார்க்க வரவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பயத்தில் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து 'இஞ்சைதான்' என்று கேட்டது. அதற்குப் பிறகுதான் பார்த்தேன். அந்தக் கையைக் காதுக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றான்."